ஒரு குவளை நீரும் நான்கு பாடங்களும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, மேனிலைப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை நடைபெறும் பருவம் இது. தமிழகத்தில் 1978-ஆம் ஆண்டு மேனிலைக் கல்வி தொடங்கப்பட்ட நாள் முதல் ஆண்டுதோறும் இப்பருவத்தில் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? கணிதமும் அறிவியலும் அடங்கிய முதற்பிரிவில் இடம் கிடைத்துவிட்டால் அண்டை வீடுகளுக்கு இனிப்பு வழங்கப்படுகிறது. வரலாறு, தமிழ் என்று கலைப்பிரிவில் சேர்ந்தாலோ, "மதிப்பெண் குறைந்துவிட்டதோ?" என்று உறவினர் இரங்கிக் கேட்கின்றனர். மனிதருக்குள் மேல், கீழ் என்று வகுத்த பாவம் போதாதென்று, பாடங்களுக்குள்ளும் சாதி வகுத்துவிட்டோம்!

மாணவர் கற்கும் பாடங்கள் பலவாயினும், அவற்றைப் பெரும்பாலும் நான்கு கூறுகளாகத் தொகுத்துவிடலாம். மனித உள்ளத்தையும் மொழியையும் கற்பிப்பது இலக்கியம். உடலையும் அதன் பிணிகளையும் கற்பிப்பது நலவியல். பொருள்களை ஆக்கவும் இயக்கவும் கற்பிப்பது தொழில்நுட்பம். மனிதர் கூடி வாழும் முறையைக் கற்பிப்பது சமூகவியல். இந்நான்கில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்னும் வினா சரியான வினாதானா என்பதை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

சில வாரங்களுக்கு முன் கொத்தனார் வேலை செய்யும் அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். பெண் நல்ல மதிப்பெண் பெற்றவள். தந்தை முதற்பிரிவு என்கிறார். மகள் தமிழும் வரலாறும் உள்ள பிரிவு என்கிறாள். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. தமிழ் படிச்சா நாளைக்குச் சோறு கிடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. வெயிலில் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்கும் ஒருவர், தம் பிள்ளையேனும் நிழலில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று விரும்புவது பேராசையன்று, அது அன்பு. ஆகவே நான் தீர்ப்பு ஏதும் கூறாமல், "ஏன் அந்தப் பிரிவை விரும்புகிறாள் என்று அவளிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் வினவினேன். அவர் கேட்டிருக்கவில்லை.

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததும், செவிலியர் விரைவாகச் சொல்லிச் சென்றதும் பாட்டிக்கு விளங்கவில்லையாம். இவள் படித்துப் பார்த்து, பாட்டிக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொன்னாளாம். பக்கத்தில் அமர்ந்திருந்த மூவர் தங்கள் சீட்டுகளையும் நீட்டினார்களாம். "அந்த மாதிரி எடுத்துச் சொல்ற வேலைதான் சாமி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். தந்தை மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருவரும் வீட்டில் பேசி முடிவு செய்வதாகக் கூறிச் சென்றனர்.

அப்பெண் கூறியது சிறுபிள்ளைப் பேச்சு அன்று. பல இலட்சம் குழந்தைகளின் உயிர் அத்தகைய "எடுத்துச் சொல்லும்" வேலையில் தொங்கிக்கொண்டிருந்த வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சி நடுங்கிய காலரா நோயை அறிவீர்கள். காலையில் வயலுக்குச் சென்றவன் மாலையில் கல்லறைக்குச் சென்ற கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்நோய் கொல்வது எவ்வாறு? உடலிலுள்ள நீரையும் உப்பையும் மணிக்கணக்கில் வெளியேற்றி, மனிதனை உலர்த்திக் கொல்கிறது. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துவிட்டால் நோயாளி பிழைப்பான்.

இவ்வுண்மையின் அடிப்படை 1831-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. வில்லியம் ஓஷானசி என்னும் அயர்லாந்து நாட்டு இளம் மருத்துவர், காலரா நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்பு நீரை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திப் பார்த்தார். இன்று மருத்துவமனையில் ஏற்றப்படும் 'சலைன்' அவ்வாறு பிறந்ததே. அந்த ஓஷானசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். அதன்பின் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். மருத்துவம் படித்தவர் தந்தி அமைத்தார்! பாடங்களுக்கு இடையே நாம் எழுப்பும் மதில்கள் அவருக்குத் தெரியவில்லை போலும்.

சலைன் இருந்தும் ஏழைகள் மடிந்துகொண்டே இருந்தனர். ஊசி வேண்டும், நுண்ணுயிர் நீக்கிய நீர் வேண்டும், பயிற்சி பெற்ற கைகள் வேண்டும், மருத்துவமனை வேண்டும். சிற்றூரில் இவற்றுக்கு எங்கே போவது? வாய்வழியே உப்பு நீரைக் கொடுத்தாலோ, நோயுற்ற குடல் அதனைச் சரிவர ஏற்பதில்லை.

இதற்கு விடை 1960-இல் கிடைத்தது. குடலில் உப்பின் கூறாகிய சோடியமும் சர்க்கரையின் கூறாகிய குளுக்கோசும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு உட்செல்கின்றன. அவை செல்லும் வழியே நீரும் செல்கிறது என்று இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். 1968-இல் டாக்கா நகரில் டேவிட் நலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இரு இளம் மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும் 29 காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து, ஏற்ற வேண்டிய சலைனின் அளவு 100-க்கு 80 பங்கு குறைவதைக் கண்டனர். இது நலவியலின் வெற்றி. ஆயினும் மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிகழ்ந்த வெற்றி.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ 1 கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தில் எல்லையோரத்திலுள்ள போன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை எடைபோட்டுக் கலந்து, பிளாஸ்டிக் பைகளில் இட்டு, அவற்றின் வாயைத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டி, முகாமுக்குக் கொண்டு சென்றனர். அங்குக் குழாய் பொருத்திய பெரிய கலன்களில் அதைக் கரைத்து வைத்தனர். நோயாளிகளின் தாய்மாரும் உடன்பிறந்தாரும் குவளைகளில் பிடித்துச் சென்று புகட்டினர். 100-க்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய பொறுப்பிலிருந்தவர்களுள் இறந்தோர் 4 பேருக்கும் குறைந்தனர். மகலனாபிஸ் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

எடை, கலவை, பை, ஒட்டிய வாய், குழாய் பொருத்திய கலன் ஆகிய இவை தொழில்நுட்பம். எளிய தொழில்நுட்பந்தான். ஆயினும் அது இல்லையேல், டாக்காவில் கண்டறிந்த உண்மை போன்காவ் முகாமின் தரையில் கிடந்தவனின் உதட்டைத் தொட்டிருக்காது.

இத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. முகாமில் மருத்துவர் அருகிருந்தார். ஆற்றங்கரைக் குடிசையில் நள்ளிரவில் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் யார் அருகிருப்பார்? தாய் மட்டுமே இருப்பாள். ஆகவே, ஃபசல் ஹசன் ஆபேத் நிறுவிய 'பிராக்' என்னும் வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பி, சுமார் 1 கோடியே 20 இலட்சம் இல்லங்களில் தாய்மாருக்கு இக்கலவையைச் செய்யக் கற்பித்தது. மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். தராசு வேண்டாம், கடை வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். அவரவர் வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் அளவுக்கு அடையாளம் இட்டுக் கொடுத்தனர்.

தாய்மார் நன்றாகக் கற்றனர். பிழையின்றிக் கலந்தும் காட்டினர். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது அதனைக் கொடுத்தவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலரே! ஏன்? நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். அவர்கள் கண்ட காரணங்களை மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

முதலாவது, கற்பித்த பணியாளருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தமக்கு நோய் வந்தால் அவர்கள் வேறு மருந்தை நாடினர். தான் நம்பாததைப் பிறர் நம்பும்படி யார் போதிக்க முடியும்? இரண்டாவது, ஆண்களிடம் எவரும் பேசவில்லை. கணவனும் மாமனாரும் அறியாத ஒன்றை அந்த வீட்டில் ஒரு பெண் எவ்வாறு துணிந்து செய்வாள்? மூன்றாவது காரணமே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பணியாளர் 'டயரியா' என்னும் சொல்லைப் பயன்படுத்தினர். மருத்துவருக்கு அது எல்லாவகை வயிற்றுப்போக்கையும் குறிக்கும். அவ்வூர்த் தாய்மாருக்கோ வயிற்றுப்போக்கில் நான்கு வகை உண்டு. பால்குடிக் குழந்தையின் கழிச்சலுக்கு ஒரு பெயர். செரியாமையால் வருவதற்கு ஒரு பெயர். சீதம் கலந்து போவதற்கு ஒரு பெயர். தண்ணீராய்ப் பீறிடும் கொடிய காலரா வகைக்கு மட்டுமே 'டயரியா' என்று பெயர். ஆகவே, "நம் பிள்ளைக்கு வந்திருப்பது அதுவன்று" என்று எண்ணி, வெல்ல நீரைக் கொடுக்காமல் விட்டனர்.

ஒரு சொல்! ஒரேயொரு சொல்லை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டதால், குடலின் மறைபொருளைக் கண்ட அறிவியல் முழுவதும் அந்தக் குடிசையின் வாயிலில் நின்றுவிட்டது. நம் ஊரில் மட்டும் என்ன? 'மாந்தம்' என்போம்; 'பல் முளைக்கிறது' என்போம்; 'தோஷம்' என்போம். பேதி என்றால் மட்டுமே மருத்துவரிடம் ஓடுவோம்.

பிறகு அவர்கள் முறையை மாற்றினர். மக்களின் பெயர்களைக் கொண்டே மக்களிடம் பேசினர். பணியாளரைக் காலரா மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சாகக் கிடந்தவர் எழுந்து அமர்வதைக் கண்ணாரக் காணச் செய்தனர். ஆண்களைச் சந்தையிலும் மசூதியிலும் கண்டு விளக்கினர். ஒரு மாதத்திற்குப் பின் வேறொருவர் சென்று தாய்மாரை வினவ, அவர்கள் எந்த அளவுக்கு நினைவில் வைத்துள்ளனரோ அந்த அளவுக்கே கற்பித்தவருக்கு ஊதியம் என்றனர். நம் பள்ளிகளில் இவ்விதி வந்தால் எத்தனை ஆசிரியர்கள் ஊதியம் பெறுவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஞாயிறு மறையுரைக்கும் இவ்விதி வந்தால் எங்களைப் போன்ற குருக்களின் கதி என்னாகும் என்றும் எண்ணிப் பார்க்கிறேன்!

வாசகர்களே, இப்போது சொல்லுங்கள். அந்தக் குழந்தையைக் காத்த பாடம் எது? உப்பும் சர்க்கரையும் கைகோத்துச் செல்வதைக் காட்டிய நலவியலா? அளவும் பையும் கலனும் தந்த தொழில்நுட்பமா? குடும்பத்தில் யார் சொல் செல்லும் என்று கண்டறிந்த சமூகவியலா? தாயின் சொல்லைத் தேடி எடுத்துத் தாயிடமே பேசிய மொழியறிவா? நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் குவளை குழந்தையின் வாய்க்குச் சென்றிராது. 1980-ஐ ஒட்டிய காலத்தில், சீனா நீங்கலாக, வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 46 இலட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறந்ததாகக் கணக்கிட்டனர். இன்று உலகம் முழுவதிலும் அத்தொகை ஆண்டுக்குச் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம். இக்குறைவுக்குத் தூய குடிநீர், தடுப்பு மருந்து எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையாய ஒன்று இந்தக் குவளை நீர். எஞ்சியிருக்கும் 4 இலட்சமும் வெறும் எண் அன்று. ஒவ்வொன்றும் ஒரு தொட்டில்.

எனவே பெற்றோரே, பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள். அது உங்கள் கடமை. எந்தப் பிரிவில் சேர்ந்தால் என்ன வேலைக்கு வழியுண்டு என்று விசாரியுங்கள். கடன் வாங்குமுன் பலமுறை கணக்கிடுங்கள். ஆனால் பிள்ளையின் விருப்பத்தையும் அதற்கான காரணத்தையும் ஒருமுறையேனும் அமர்ந்து கேளுங்கள். அறிவியல் கற்கும் பிள்ளையிடம், "கதைப் புத்தகம் எதற்கு?" என்று கடிந்து அதைப் பிடுங்காதீர்கள். பிறர் துயரைத் தன் துயராக உணரப் பழக்கும் பள்ளி அது. கலை கற்கும் பிள்ளையை, "உனக்கு இது போதும்" என்று தாழ்த்தாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். முதற்பிரிவில் சேர்ந்துவிட்டதனால் தமிழ்ப் பாடத்தை வெறும் மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்கும் தம்பி, நாளை நீ எழுதும் மருந்துச் சீட்டும், வரையும் கட்டடமும் யாருக்காக? அவர்களுடைய மொழி உனக்குத் தெரிய வேண்டாமா? அதேபோல், "எனக்குக் கணக்கு வராது, அறிவியல் வராது" என்பதையே பெருமையாகச் சொல்லித் திரியும் இலக்கிய மாணவனே, கிணற்று நீர் ஏன் கெடுகிறது என்று அறியாமல் நீ எழுதும் கவிதை எந்த ஊரின் தாகத்தைத் தீர்க்கும்?

நற்செய்தியாளர் புனித லூக்காவை மருத்துவர் என்று திருச்சபை மரபு போற்றுகிறது. நான்கு நற்செய்திகளுள், நல்ல சமாரியன் உவமையை நமக்கு எழுதித் தந்தவர் அவர் ஒருவரே. அவ்வுவமையைச் சற்று உற்று நோக்குங்கள். காயத்தின் மேல் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுகிறான் சமாரியன். அக்கால நலவியல் அது. அடிபட்டவனைத் தன் விலங்கின் மேல் ஏற்றிச் செல்கிறான். அக்காலத்தில் கிட்டிய கருவி அது. சாவடிக்காரனிடம் இரு தெனாரியம் கொடுத்து, மேற்செலவுக்கும் பொறுப்பேற்கிறான். ஒருவரையொருவர் தாங்கும் சமூக ஒழுங்கு அது. இவையனைத்தையும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் நெஞ்சில் நிற்கும்படி செய்ததோ, நம் ஆண்டவர் சொன்ன அந்தக் கதை. அவர் இலக்கண நூல் எழுதவில்லை, கதை சொன்னார். ஆனால் அடிபட்டவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவரும் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் மறவாதீர்கள். அன்பு இல்லாவிடில் நான்கு பாடங்களும் சாலையின் மறுபக்கமாக நடந்து போய்விடும்.

இம்மாதம் நம் அன்பியங்களிலுள்ள மாணவர்கள் கூடி ஒரு சிறு பணி செய்யலாகாதா? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எவ்வாறு உயிர் காக்கிறது என்பதை அறிவியல் மாணவர் விளக்கட்டும். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு நீரை வீட்டுப் பாத்திரத்தில் அளந்து அடையாளம் இடத் தொழிற்பிரிவு மாணவர் கற்றுத் தரட்டும். நம் ஊரில் வயிற்றுப்போக்கிற்கு வழங்கும் பெயர்களையெல்லாம் பாட்டிமாரிடம் கேட்டுத் தமிழ் மாணவர் தொகுக்கட்டும். எந்தத் தெருவில் நல்ல தண்ணீர் இல்லை, எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்று வரலாறும் சமூகவியலும் கற்போர் கேட்டறியட்டும். பின்னர் அனைவரும் சேர்ந்து வீடுகளுக்குச் செல்லுங்கள்.

அங்கே சொல்ல வேண்டியவை சிலவே. கொதித்து ஆறிய நீரில், பொட்டலத்தில் சொன்ன அளவு மாறாமல் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது. வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது தவறான எண்ணம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை மருத்துவரோ நலப்பணியாளரோ சொன்னபடி கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் காணப்பட்டாலும், கண் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், குழந்தை சோர்ந்து துவண்டாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

சிறியோருள் ஒருவருக்குக் கொடுக்கப்படும் ஒரு கிண்ணம் நீரும் கணக்கில் வைக்கப்படும் என்று வாக்களித்த இயேசு ஆண்டவர், நம் பிள்ளைகளின் அறிவையும் இதயத்தையும் ஒருங்கே வளர்ப்பாராக. புதிய கல்வியாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் என் செபமும் ஆசீரும்.